எட்டாவது மரத்துக்குச் சுண்ணாம்பு

கீழ்வேளூருக்குக் கிழக்கே, எங்கள் சாலைப் பணியாளர் கேங் பொறுப்பில் இருந்த கிளைச்சாலையில் ஒரு வளைவு உண்டு. வாய்க்கால் எங்கே திரும்புகிறதோ அங்கே சாலையும் திரும்பும். அந்தத் திருப்பத்தில், வாய்க்கால் கரையை ஒட்டி, பன்னிரண்டு புளியமரங்கள் வரிசையாக நின்றன. கஜா புயலில் எங்கள் பக்கம் எத்தனையோ மரங்கள் வேரோடு சாய்ந்தன. இவை கிளைகளை மட்டும் கொடுத்துவிட்டு நின்றுகொண்டன.

நான் சாலைப் பணியாளனாக இருந்தவன். பள்ளம் மூடுவது, ஓரத்துப் புல் செதுக்குவது, மழைத்தண்ணீர் வடிய வழி வெட்டிவிடுவது, வருடத்துக்கு ஒருமுறை மரங்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது, இவைதான் என் வேலை. கரையான் ஏறாமல் இருக்கத்தான் சுண்ணாம்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது இரண்டாவது காரணம். முதல் காரணம் கண். இடுப்பு உயரத்துக்கு வெள்ளை, நடுவில் ஒரு சாண் காவி, அதற்குமேல் மரத்தின் நம்பர். மார்கழிப் பனியில் வண்டி ஓட்டி வருகிறவனுக்குத் தார் தெரியாது, வாய்க்கால் தெரியாது. விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை மட்டும் தெரியும். ஒரு வெள்ளையைப் பார்த்து அடுத்த வெள்ளைக்கு, அதைப் பார்த்து அதற்கடுத்ததற்கு என்று கைப்பிடியைத் திருப்பிக்கொண்டே வளைவைக் கடப்பான். ஓரத்து மரம் முட்டுவதற்கு நிற்கும் எமன் என்று பேசுகிறவர்களுக்கு இது தெரியாது. தெரிந்த நானும் அதைச் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லவில்லை.

எனக்குப் பயம் அதிகம். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதனாலோ என்னவோ, ஆபீஸ் முத்திரை போட்ட காகிதம் எதைப் பார்த்தாலும் அதில் எனக்கு எதிராக ஏதோ எழுதியிருக்கிறது என்றுதான் தோன்றும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். வீட்டில் சிரிப்பார்கள். ஆனால் என் பயத்துக்குக் காரணமும் உண்டு. எங்களையெல்லாம் ஒருமுறை ஒரே உத்தரவில் வேலையை விட்டு அனுப்பினார்கள். வழக்கு, போராட்டம் என்று வருடக்கணக்கில் இழுத்துப் பிறகு திரும்பச் சேர்த்தார்கள். அந்த வருடங்களில் என் தங்கைதான் வாரா வாரம் தலைச்சுமையாக அரிசி கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்குவாள். அவள் வீட்டிலும் குவிந்து கிடக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் நாகப்பட்டினம் துறைமுகத்தில் மீன் எடுத்து, மொபெட்டில் பெட்டி கட்டி ஊர் ஊராக விற்கிறவர். என்னைவிட வயதில் சிறியவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன். அவர் என்னை மச்சான் என்பார். அரிசி கொடுத்ததை ஒருநாளும் அவர் சொல்லிக் காட்டியதில்லை.

அந்த வருடம் ஐப்பசி மழையில் ஒரு நெல் லாரி வளைவில் சறுக்கியது. நேரே வாய்க்காலுக்குள் போயிருக்க வேண்டியது. நாகப்பட்டினம் பக்கமிருந்து எண்ணினால் எட்டாவதாக நின்ற மரம் தாங்கிக்கொண்டது. ஓட்டுநருக்கு ஒரு கீறல்கூட இல்லை. மறுவாரம் அவர் வந்து அந்த மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றி, எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டிவிட்டுப் போனார். எந்த ஊர்க்காரர் என்றுகூட யாருக்கும் தெரியாது. அவர் மறந்திருப்பார். எதிரே டீக்கடை வைத்திருந்தவர் மறக்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் விளக்குப் போட்டார். பெண்கள் மஞ்சளும் குங்குமமும் அப்பினார்கள். ஒரு சூலம் வந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் அது அம்மன் ஆகிவிட்டது.

கார்த்திகைக் கடைசியில் மழை விட்டதும் நான் சுண்ணாம்போடு போனேன். என்னோடு வேலை பார்ப்பவர் அன்று லீவு. முதல் நாளே ஊறவைத்து, பசை கலந்து, வாளியில் கரைத்த சுண்ணாம்பு. ஏழு மரம் அடித்து முடித்து எட்டாவதற்கு வந்தபோது டீக்கடைக்காரர் கையில் வடிகட்டியோடு வெளியே வந்தார்.

"அண்ணே, இதுக்கு வேணாம்."

எல்லா மரத்துக்கும் அடிக்கவேண்டும் என்பது உத்தரவு என்று சொன்னேன். அவர் என் கழுத்தைப் பார்த்தார். குனிந்து நிமிர்ந்ததில் மாதா டாலர் சட்டைக்கு வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்க கோயில்ல மாதா மேல சுண்ணாம்பு அடிப்பீங்களாண்ணே?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர், "கவர்மெண்டு சொன்னா அதுவும் அடிப்பாரு, பாவம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வாளியைக் கீழே வைத்துவிட்டேன்.

என் மனதில் ஓடியது இதுதான்: வேதக்காரன் ஒருத்தன் அம்மன் மேல் சுண்ணாம்பு பூசினான் என்று சாயங்காலத்துக்குள் போனில் படம் போகும். நாளைக் காலையில் பத்துப் பேர் ஆபீஸ் வாசலில் நிற்பார்கள். என்னைக் காப்பாற்ற அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். சாலை ஆய்வாளருக்குப் போன் போட்டேன். விவரத்தைக் கேட்டுவிட்டு அவர், "ஊர்ப் பிரச்சினை ஆக்கிடாதீங்க. பார்த்துச் செய்யுங்க" என்றார். எங்கள் துறையில் பார்த்துச் செய்யுங்கள் என்றால், எது நடந்தாலும் நான் சொன்னதாகச் சொல்லாதே என்று அர்த்தம்.

ஒரு கல்லுக்கு வெள்ளை அடித்து மரத்துக்கு முன்னால் நட்டிருக்கலாம். ஒரு தகரத்தை வெள்ளையடித்துக் குச்சியில் கட்டியிருக்கலாம். டீக்கடைக்காரரே குழி தோண்டிக் கொடுத்திருப்பார். இதெல்லாம் பிறகு தோன்றியது. அன்று தோன்றியது அந்த இடத்தை விட்டுப் போகவேண்டும் என்பது மட்டும்தான். ஒன்பதாவது மரத்துக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வேலைப் பதிவேட்டில், வளைவு, புளியமரங்கள் பன்னிரண்டு, சுண்ணாம்பு காவி முடிந்தது என்று எழுதினேன். பதினொன்று என்று எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் நான் பதில் எழுதவேண்டும்.

மார்கழியில் ஒரு விடியற்காலை. பனி அப்படி இறங்கியிருந்தது. கதிர் வந்த சம்பா வயல்கள் எல்லாம் பால் கொட்டினதுபோல் கிடந்தன. மாப்பிள்ளை மீன் பெட்டியோடு துறைமுகத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். எட்டாவது மரத்தில் மோதினார்.

எனக்குப் போன் வந்து நான் சைக்கிளில் போய்ச் சேருவதற்குள் அவரை வேனில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். தூக்கி ஏற்றியது டீக்கடைக்காரர்தான். அவர் பனியனெல்லாம் ரத்தம். ஐஸும் மத்தி மீனும் மரத்தடியில் இறைந்து கிடந்தன. காக்கைகளை விரட்டி முடியவில்லை. இரண்டு பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அம்மன் மேல் மீன் பட்டுவிட்டதாம். மீனைக் கூட்டித் தள்ளி, மரத்தை மேலிருந்து கீழ்வரை கழுவி, புதிதாக மஞ்சள் அரைத்துப் பூசினார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்திலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கழுவிவிட்டார்கள், இனி சுண்ணாம்பு இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்லமுடியாது. மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறாரா என்று தெரிவதற்கு முன்னால் எனக்கு அது தோன்றியது. சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட இதை நான் சொன்னதில்லை.

வலது முட்டி நொறுங்கியிருந்தது. தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காலை எடுக்காமல் காப்பாற்றிக் கம்பி வைத்தார்கள். இனி மடங்காது என்றார்கள். மூன்றாம் நாள் நான் போனபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க டிபார்ட்மெண்டு மரம் என்னைக் கட்டிப்புடிச்சிக்கிச்சு மச்சான். விடவே இல்ல."

தங்கை கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தாள். அவரே பேசினார். தினம் வருகிற சாலைதான், ஆனால் அன்று கையை நீட்டினால் கை தெரியவில்லை என்றார். "வெள்ளையைப் பாத்து வெள்ளையைப் பாத்துதான் வந்தேன். அடுத்தடுத்து வந்துச்சு. அப்புறம் ஒரு எடத்துல வெள்ளை இல்ல, இருட்டா இருந்துச்சு. சரி, வளைவு முடிஞ்சிடுச்சுன்னு நேரா விட்டேன்."

பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "இல்ல, தூக்கமோ என்னவோ" என்றார்.

நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்தேன். சுளை சுளையாகப் பிரித்து, நார் எடுத்து, தட்டில் அடுக்கினேன்.

தை பிறந்ததும் தங்கை மனுக் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். வளைவில் இருக்கும் மரங்களை எல்லாம் வெட்டவேண்டும் என்று. மனுக் கொடுத்தால் விசாரணை வரும். விசாரணை வந்தால் பதிவேட்டை எடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஏன் வேண்டாம் என்று அவள் கேட்டாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸுக்கு அவளோடு போனேன். மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறவர், அவள் இரண்டு வார்த்தை சொல்வதற்குள், உயிர்ப்பலி கேட்கும் மரங்கள் என்று ஆரம்பித்துவிட்டார். நான் துறையின் ஆள் என்பதால் என்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன், அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு.

அவள் மனு தனியாகப் போகவில்லை. வளைவுக்கு எதிர் வயல்காரர் கையெழுத்துப் போட்டார். மர நிழல் விழுகிற இரண்டு மா நிலத்தில் நெல் மணி பிடிக்காமல் கருக்காயாகப் போகிறது என்று அவருக்குப் பல வருடக் குறை. டீக்கடைக்காரரும் போட்டார். அம்மனை விட்டுவிட்டு மற்றதை வெட்டினால் கடை தூரத்திலிருந்தே தெரியும். ஆளாளுக்கு ஒரு காரணம் இருந்தது. மாப்பிள்ளையின் கால் எல்லோருக்கும் உதவியது.

விசாரணைக்கு உதவிப் பொறியாளர் வந்தார். சின்ன வயது. புதிதாக வந்திருந்த அம்மா. நாங்கள் மேடம் என்போம். ஆய்வாளர் வேறு வேலையாகப் போயிருந்ததால் டேப் பிடிக்க நான்தான். மேடம் ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்த்தார். பொந்து இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஒன்றிலும் இல்லை. மரத்துக்கும் தாருக்கும் உள்ள தூரம் அளந்தார். டீக்கடையில் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிழலில் நின்று தண்ணீர் குடித்தார்.

"இந்த மரங்க இல்லன்னா வர்ற வண்டியெல்லாம் வாய்க்கால்லதான் போகும். இதை வெட்டச் சொல்றாங்களே" என்றார். பிறகு எட்டாவது மரத்துக்கு முன்னால் வந்து நின்றார். "சுண்ணாம்பு அடிச்சிருந்துச்சா இதுக்கு?"

நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் விளக்கமாகச் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால்கூட எனக்கு இன்று ஒரு சாக்கு இருந்திருக்கும். சுண்ணாம்பு இல்லாததால் மோதியது என்றால், சுண்ணாம்பு அடித்து, ஒளிரும் பட்டை ஒட்டி, வளைவுக்கு முன்னால் அம்புக்குறிப் பலகை நட்டால் போதும் என்று அவரால் எழுதமுடியும். எல்லாம் சரியாக இருந்தும் மோதியது என்றால் மரம் நிற்கும் இடம்தான் தப்பு என்று ஆகிவிடும், அப்புறம் அவரால் ஒன்றும் செய்யமுடியாது.

"எனக்கு எழுத ஒரு காரணம் வேணும். அதான் கேக்குறேன். சொல்லுங்க" என்றார்.

பன்னிரண்டு மரமும் என் நாக்கில் நின்றன. ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்தது என் வேலை போவது மட்டும்தான். பதிவேட்டில் பொய் எழுதியவன், அதனால் ஒருவர் கால் போனது, அதுவும் சொந்தத் தங்கை வீட்டுக்காரர். சஸ்பெண்டு. அதற்குமேல் போலீஸ். ஆய்வாளர் போனில் சொன்னதை அவர் சொல்லவில்லை என்பார்.

"அடிச்சிருந்துச்சுங்க மேடம். கழுவிட்டாங்க."

அவர் நம்பவில்லை போல. நகத்தால் பட்டையைச் சுரண்டினார். மஞ்சளுக்கு அடியில், புளியம்பட்டையின் வெடிப்புகளுக்குள், வெள்ளை இருந்தது. போன வருடத்து வெள்ளை. அதற்கு முந்தின வருடத்து வெள்ளை. எல்லாம் நான் அடித்ததுதான். ஒழுங்காக வேலை செய்த வருடங்கள் வந்து என் பொய்க்குச் சாட்சி சொல்லின. மேடம் விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "ஆமா, இருக்கு" என்றார். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

மாசியில் வெட்டினார்கள். பசுமைக் குழுவின் அனுமதி, ஏலம், எல்லாம் முறைப்படி. இரண்டு நாள் மெஷின் வாள் சத்தம். கடைசிப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார்கள். வெட்டின அடிமரங்கள் எல்லாம் உள்ளே கெட்டியாக, கறுத்த வைரத்தோடு இருந்தன. ஒன்றுகூடச் சோடை இல்லை. வண்டிகளை நிறுத்திவிடச் சிவப்புக் கொடி பிடித்துக்கொண்டு வளைவின் முனையில் நின்றவன் நான்.

எட்டாவது மரத்துக்கு வந்ததும் வெட்டுகிறவர்கள் நிறுத்தினார்கள். மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ச் சூடம் ஏற்றினார். கும்பிட்டுவிட்டு வந்து, எங்க ஆளுங்க யாரும் இதுல வாளை வைக்கமாட்டாங்க சார் என்று ஆய்வாளரிடம் சொன்னார். ஆய்வாளர் யாருக்கோ போன் செய்தார். போனை வைத்துவிட்டு, வழிபாட்டில் உள்ளது, நீங்கலாக, என்று காகிதத்தில் எழுதினார். யாரும் சண்டை போடவில்லை. யாரும் குரல்கூட உயர்த்தவில்லை. மாப்பிள்ளையின் காலை முடக்கிய மரம் நின்றது. அதற்காக மற்ற பதினொன்றும் லாரியில் ஏறின.

புளி பழுத்திருந்த நேரம். சாய்ந்த கிளைகளில் பெண்களும் பிள்ளைகளும் மொய்த்து உலுக்கி எடுத்தார்கள். எனக்கும் ஒரு பை கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். அந்த வருடம் எங்கள் வீட்டில் கடையில் புளி வாங்கவில்லை. குழம்பு நன்றாகத்தான் இருந்தது. சாப்பிட்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் தங்கையும் பையோடு வந்தாள். நான் அவளிடம் அந்த மரத்தைக் காட்டி, "பார்த்தியா, எதை வெட்டச் சொன்னியோ அதை விட்டுட்டானுங்க" என்றேன். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து புளி பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"இருந்துட்டுப் போவட்டும்."

"என்ன சொல்ற?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாண்ணே? நான் பஸ்ஸுக்கு நிக்கிற எடம் இது. கார்த்திகையிலேருந்து பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். பதினொண்ணு வெள்ளை, ஒண்ணு மஞ்சள்."

கொடி என் கையில் இருந்தது. எதிரே ஒரு டிராக்டர் வந்து ஹாரன் அடித்தது. அதை அனுப்பிவிட்டு வந்து, பிறகு ஏன் மனுக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"குடுக்கலன்னா ஏன் மோதுச்சுன்னு எவனாவது தேடுவான். நானே மரம்தான்னு சொல்லிட்டா வேற எதையும் தேடமாட்டாங்க." நிமிர்ந்து பையின் வாயைக் கட்டினாள். "உன் வேலை போச்சுன்னா திரும்ப உன் வீட்டுக்கு அரிசி தூக்க என்கிட்ட என்ன இருக்கு? இப்ப என் வீட்டுக்கு நீதான் தூக்கணும்."

மேடத்திடம் போய் இப்போதாவது சொல்லிவிடுகிறேன் என்றேன். சும்மா சொன்னேனா, நிஜமாகச் சொன்னேனா என்று எனக்கே தெரியாது.

"சொல்லு. சொன்னா வெட்டுன மரம் எந்திரிச்சு நிக்கப்போவுதா, அவரு முட்டிதான் மடங்கப்போவுதா?" என்றாள். பையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். "அவருகிட்ட மட்டும் சொல்லிடாத. தாங்கமாட்டாரு. உன்னை ரொம்ப நம்புறாரு."

நான் யாரிடமும் சொல்லவில்லை. மாதா மாதம் சம்பளம் வந்ததும் ஒரு சிப்பம் அரிசி தங்கை வீட்டில் இறக்கினேன். மாப்பிள்ளை ஒவ்வொரு தடவையும், எதுக்கு மச்சான் இதெல்லாம் என்று கூச்சப்பட்டார். மேடம் அடுத்த வருடமே மாறுதலாகிப் போனார். ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்று கணக்குப் பார்த்துப் புங்கனும் வேம்பும் கொண்டுவந்து நட்டோம். தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு. நான் ஊற்றாத நாள் இல்லை. ஆனாலும் பாதியை ஆடு தின்றது. மீதியில் பாதியைக் குழாய் பதிக்க வந்தவர்கள் பிடுங்கிப் போட்டார்கள். சாலை திறந்து கிடந்ததால் எல்லோரும் வேகமாக வந்தார்கள். ஒரு காரும் ஒரு நெல் டிராக்டரும் வாய்க்காலில் இறங்கின. நல்லவேளையாக உயிர் போகவில்லை. இனி போகும் என்று நான் தினம் பயந்தேன். இப்போதும் பயப்படுகிறேன்.

அம்மன் மட்டும் வளர்ந்தாள். மோதினவரைப் பிழைக்கவைத்தாள், வாளுக்கும் தப்பினாள் என்று பெயர். சுற்றி இடுப்பு உயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். கோயில் சுவர் என்பதால் அதற்கு வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்தார்கள். பனியில் தூரத்திலிருந்தே தெரிகிறது.

ஓய்வு பெற்ற பிறகு மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுவது என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். தங்கை சொன்னது தங்கை கவலை. ஆனால் அந்த மனிதர் கட்டிலில் கிடந்தபோது தன் கண்ணால் பார்த்ததைச் சரியாகச் சொன்னார். அது சரி என்று ஒரு வார்த்தை அவருக்குக் கிடைக்கவேண்டாமா? வேலையில் இருக்கும்வரை முடியாது, வேலை முடிந்த மறுநாள் சொல்லலாம். இப்படி நினைத்துக்கொண்டால் தூக்கம் வரும்.

இந்தப் பங்குனியில் ஓய்வு பெற்றேன். சித்திரையில் ஒருநாள் முட்டியை டாக்டரிடம் காட்டுவதற்காக அவரை ஆட்டோவில் நாகப்பட்டினத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். உச்சி வெயில். கால் மடங்காததால் அவர் பின் சீட்டில் குறுக்காக உட்கார்ந்து வலது காலை நீட்டிக்கொள்வார். நான் ஓட்டுநர் பக்கத்தில் ஒண்டிக்கொள்வேன். வளைவுக்கு வரும்போது, கம்பி சூடாகி உள்ளே எரிகிறது, நிழலில் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். அந்தச் சாலையில் நிழல் ஒரே இடத்தில்தான் இருந்தது. ஓட்டுநர் அங்கே நிறுத்திவிட்டு டீக்குப் போனார்.

மாப்பிள்ளை தண்ணீர் குடித்தார். மிச்சத்தைக் கையில் ஊற்றி முட்டியில் தடவிக்கொண்டார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். கொழுந்து விட்டு நன்றாகத் தழைத்திருந்தது.

"மச்சான், ஒண்ணு கேக்கட்டுமா? ரொம்ப நாளா கேக்கணும்னு இருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க."

கேளுங்கள் என்றேன்.

"அந்த வருஷம் இதுக்குச் சுண்ணாம்பு அடிச்சீங்களா?"

வேலை முடிந்துவிட்டது. ஆய்வாளர் இல்லை, மேடம் இல்லை, பதிவேடு எந்த மூலையில் கிடக்கிறதோ தெரியாது. டீக்கடையில் இருந்தவர்கள்கூடக் காதில் விழாத தூரத்தில் இருந்தார்கள். எனக்கு உடனே ஞாபகம் வந்தது பென்ஷன் புத்தகம். இன்னும் கைக்கு வரவில்லை. அதை நிறுத்திவிடுவார்களோ என்று நினைத்தேன். அதற்கும் பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அடிச்சேன் மாப்பிள்ளை."

அவர் தலையை ஆட்டினார். கோபமில்லை, சந்தேகமில்லை. இரண்டு வருடமாகத் தூக்கிக்கொண்டிருந்ததை இறக்கிவைத்தவர்போலப் பெருமூச்சு விட்டார்.

"அப்ப நான்தான் தூங்கிட்டேன்" என்றார். "உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க. அவ பாவம், மரத்தைத்தான் திட்டிக்கிட்டிருக்கா."

சொல்லமாட்டேன் என்றேன். ஆட்டோக்காரர் வந்தார். மாப்பிள்ளையின் காலைத் தூக்கிச் சரியாக வைத்துவிட்டு, நான் முன்னால் ஏறிக்கொண்டேன்.